கூண்டில் நின்றவனின் வாக்குமூலம்

1952 அக்டோபர் 17, தீபாவளியன்று வெளியான ‘பராசக்தி’ படத்தின் நீதிமன்றக் காட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விளக்கங்களில் ஒன்றைச் சொல்வார்கள். அது திராவிட இயக்கத்தின் மேடைப் பேச்சு, நீதிமன்றம் வெறும் பின்னணித் திரை என்பது ஒன்று. சிலப்பதிகாரத்துக் கண்ணகி பாண்டியன் அவையில் நியாயம் கேட்டாளே, அந்த மரபின் தொடர்ச்சி என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே காட்சியின் அமைப்பை விளக்கப் போதவில்லை. கண்ணகி முறையிட வந்தவள். குற்றம் சாட்டப்பட்டவள் அல்லள். மேடையில் பேசுகிறவரை யாரும் இடைமறித்துக் கேள்வி கேட்பதில்லை, பேசி முடித்ததும் சிறைக்கு அனுப்புவதும் இல்லை. படத்தின் நாயகன் குணசேகரனோ கைதியாக நிற்கிறான். எதிரே அரசு வழக்கறிஞர் இருக்கிறார், தண்டனை காத்திருக்கிறது. இந்தக் காட்சிக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி ஒன்று உண்டு. அது, காலனிய நீதிமன்றங்களில் அரசியல் கைதிகள் கூண்டில் நின்று கொடுத்த வாக்குமூலம்.

அந்த வழக்கம் வேரூன்றியதற்குச் சட்டமே ஒரு காரணம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் தானே சாட்சியாக உறுதிமொழி எடுத்துப் பேச முடியாது. 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 342-ஏ பிரிவு வந்த பிறகுதான் அந்த உரிமை கிடைத்தது. அதுவரை அவருக்கு இருந்த வாசல் 342ஆவது பிரிவு மட்டுமே. அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், உனக்கு எதிராக வந்திருக்கும் விஷயங்களைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்பார். பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். உறுதிமொழி கிடையாது, பொய் சொன்னாலும் அதற்காகத் தனித் தண்டனை கிடையாது. சாதாரணக் கைதிகள் எனக்கு ஒன்றும் தெரியாது என்று முடித்துக்கொண்ட அந்த இடத்தை, அரசியல் கைதிகள் தங்கள் களமாக்கினார்கள். 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு முன் நின்ற காந்தி, தன்மீதான ராஜத்துரோகக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். இந்தச் சட்டம் சரியென்று நினைத்தால் எனக்கு மிகக் கடுமையான தண்டனை கொடுங்கள், தவறென்று நினைத்தால் பதவியை விட்டு விலகுங்கள் என்ற பொருளில் நீதிபதியையே ஒரு முடிவுக்கு அழைத்தார். செய்ததை மறுப்பதில்லை, செய்தது குற்றம் என்பதை மட்டுமே மறுப்பது என்பதுதான் இந்த வாக்குமூலத்தின் இலக்கணம்.

தமிழ்நாட்டில் இதைத் தன் இயக்கத்தின் பழக்கமாகவே ஆக்கியவர் பெரியார். 1933 அக்டோபரில் ‘குடி அரசு’ இதழில் அன்றைய ஆட்சிமுறையைத் தாக்கி வெளிவந்த தலையங்கத்துக்காக அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1934 ஜனவரியில் கோவை நீதிமன்றத்தில் அவர் எதிர் வழக்காடவில்லை. தன் கொள்கையை விளக்கி எழுத்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுச் சிறைக்குப் போனார். பத்திரிகையின் பதிப்பாளர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாளும் அதே வழக்கில் தண்டிக்கப்பட்டார். ஓர் அண்ணனும் தங்கையும் கூண்டேறிய அந்த வழக்கிலிருந்துதான் ‘பராசக்தி’ பிறந்தது என்று நான் சொல்லவில்லை. மூலக்கதை பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். ஆனால் அதற்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி, கைதியின் வாக்குமூலத்தை ஒரு பிரசுர வடிவமாக அறிந்த இயக்கத்தில் வளர்ந்தவர். 1938 இந்தி எதிர்ப்பு வழக்கில் பெரியார் சிறை சென்றபோது அவர் பள்ளிச் சிறுவன். 1950இல் ‘ஆரிய மாயை’ நூலுக்காக அண்ணாதுரை தண்டனை பெற்றது, படம் வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு. படம் வெளியாகி ஓராண்டு முடிவதற்குள், 1953 ஜூலையில், கல்லக்குடிப் போராட்டத்தில் கருணாநிதியே கைதாகிச் சிறைத் தண்டனை பெற்றார்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் குணசேகரனின் பேச்சு வேறு விதமாகக் கேட்கும். கோயிலில் குழப்பம் விளைவித்தான், பூசாரியைத் தாக்கினான் என்பவை அவன்மீதான குற்றச்சாட்டுகள். இவற்றில் எதையும் அவன் மறுப்பதில்லை. ஆம், செய்தேன் என்று ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு, ஏன் செய்தேன் என்பதை மட்டும் திருத்திச் சொல்கிறான்: கோயில் வேண்டாம் என்பதற்காக அல்ல, அது கொடியவர்களின் இருப்பிடமாகிவிடக் கூடாது என்பதற்காக. அப்படியே காந்தியின் இலக்கணம்தான். பேச்சு தங்கை கல்யாணியின் கதைக்குள் போனதும் அரசு வழக்கறிஞர் குறுக்கிடுகிறார். கைதி யாருடைய வழக்குக்கோ வக்கீலாகிறான் என்கிறார். இதுவும் தன் வழக்குத்தான், தன் வழக்குக்குள் அடங்கியதுதான் என்று குணசேகரன் விடை சொல்கிறான். வசனகர்த்தாவின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. பார்வையாளர் கேட்கக்கூடிய ஆட்சேபத்தை அவரே எதிர்த்தரப்பின் வாயில் வைத்துவிடுகிறார். மூன்றாண்டுகளுக்கு முன் அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ படத்திலும் நீதிமன்றம் வந்தது. அங்கே வாதாடியது, வடநாட்டு வழக்கறிஞராக வேடமிட்டு வந்த ஆனந்தன். ‘பராசக்தி’ அந்த அங்கியைக் கழற்றிவிட்டு, பேசும் உரிமையைக் கைதியிடமே கொடுத்தது. அதுதான் புதுமை.

அப்போது சிவாஜி கணேசனுக்கு இருபத்து நான்கு வயது. முதல் படம். ஏவி.எம். நிறுவனத்தின் மெய்யப்பச் செட்டியாருக்கு அவரைப் போடுவதில் விருப்பமில்லை. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றதால்தான் அந்த வேடம் அவருக்குக் கிடைத்தது. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வளர்ந்தவர் என்பதால் அவர் குரல் மேடைக் குரல், திரைக்கு அது மிகை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இந்தக் காட்சியைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கமாட்டேன். தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள். இந்த மன்றம் எத்தனையோ விசித்திரமான வழக்குகளைப் பார்த்திருக்கிறது என்று ஆரம்பிக்கும்போது குரலில் ஆவேசம் இல்லை. களைத்துப்போன ஒருவன் கணக்குச் சொல்வதுபோல நிதானமாக வருகிறது. கல்யாணி ஒவ்வோர் இடமாக விரட்டப்பட்டதைச் சொல்லும்போது, ஓடினாள் என்ற ஒரே வினை திரும்பத் திரும்ப வருகிறது. அதை ஒரே தொனியில் சொல்லியிருந்தால் வெறும் அடுக்குமொழியாகப் போயிருக்கும். அவர் ஒவ்வொரு முறையும் மூச்சை வேறிடத்தில் நிறுத்தி, வேகத்தை ஒரு படி ஏற்றி, ஓடிய பெண்ணின் இளைப்பைச் சொல்கிறவனின் மூச்சில் கொண்டுவருகிறார். கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல்தான். ஆனால் நீதிமன்றமும் கேட்கவைத்தே ஆகவேண்டிய இடம். கூண்டில் நிற்பவனுக்கு வேறு ஆயுதம் இல்லை.

சட்டம் தெரிந்தவர்கள் இந்தக் காட்சியைக் கேலி செய்வதுண்டு. குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கல்யாணியின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி அவளுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன். அப்படி ஒரு விசாரணையை எந்தச் சட்டமும் அனுமதிக்காது. இவ்வளவு நீண்ட பேச்சை எந்த நீதிபதியும் பொறுத்துக்கொள்ளவும் மாட்டார். இரண்டாவது ஆட்சேபம் வலுவற்றது. 342ஆவது பிரிவின் கீழ் நீண்ட வாக்குமூலங்கள் கொடுக்கப்பட்டதற்கு வரலாறே சாட்சி. முதலாவது உண்மைதான். ஆனால் படம் அந்த முறைகேட்டை வேண்டுமென்றே செய்கிறது. பசியோடு வாசலுக்கு வந்த தங்கையை அடையாளம் தெரியாமல் விரட்டியவர் அதே சந்திரசேகரன். நீதிமன்றத்தில் அவள் கதையைக் கேட்டு, யாரென்று புரிந்ததும் மயங்கி விழுகிறார். நீதிபதியும் வழக்கில் சிக்கியவர்தான் என்று அரசியல் கைதிகள் வாதமாகச் சொன்னதை, இந்தக் கதை உறவாக மாற்றிக் காட்டுகிறது.

அன்றைய ரசிகர்களை உலுக்கிய இன்னொரு விஷயம் மொழி. 1952இல் இந்த மாநில நீதிமன்றங்களில் வாதமும் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. தன் தலைவிதி என்னவென்று கைதி பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியப் பதிவுக்கும் தீர்ப்புக்கும் தமிழைக் கொண்டுவந்த சட்டத் திருத்தம் 1976இல்தான் வந்தது. திரையில் நீதிபதி, வக்கீல், கைதி மூவரும் தமிழில் வழக்காடியது, வெளியே இல்லாத ஒரு நீதிமன்றத்தைக் காட்டியது. அந்த வசனங்கள் கிராமபோன் தட்டுகளாக விற்றதும், மூர் மார்க்கெட் நடைபாதையில் வித்தை காட்டியவர்கள் அவற்றை ஒப்பித்துக் காசு சேர்த்ததும் நடிப்பின் கவர்ச்சியால் மட்டும் நடந்தவை என்று நான் நம்பவில்லை. படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் ராஜாஜி ஆட்சியில் எழுந்தது; தடை வரவில்லை. வந்திருந்தாலும் அதற்குள் பலருக்கு மனப்பாடமாகியிருக்கும்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு குறையை மறைக்க முடியாது. வழக்கின் கனமான குற்றச்சாட்டு குணசேகரன்மீது இல்லை. குழந்தையை ஆற்றில் எறிந்ததாகக் கூண்டேறியவள் கல்யாணி. அவளும் பேசுகிறாள், தன் செயலுக்கு நியாயமும் சொல்கிறாள். ஆனால் தமிழ்நாடு மனப்பாடம் செய்தது அண்ணனின் பேச்சைத்தான். அவள் பட்டதே அதற்குப் பொருளாயிற்று. குழந்தை ஒரு படகில் விழுந்து பிழைத்தது என்று கடைசியில் குணசேகரனின் காதலி விமலா வந்து காட்டியதும், தாய்மீதான கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. படத்தின் பலவீனமான இடம் அது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1984இல், ஆரூர்தாஸ் வசனத்தில் ‘விதி’ வந்தது. அதுவும் ஒலிநாடாக்களில் வீடு வீடாகக் கேட்கப்பட்ட நீதிமன்றக் கதை. அதில் ஏமாற்றப்பட்ட பெண்ணே வழக்குத் தொடுக்கிறாள். அவளுக்காக வாதாட அண்ணன் வருவதில்லை. தானும் ஒருகாலத்தில் அப்படியே ஏமாற்றப்பட்ட ஒரு பெண் வழக்கறிஞராக, சுஜாதா எழுந்து நிற்கிறார்.