கணக்கேட்டில் பிரிந்த காயம்: படைவீரரின் மூளைச் சேதமும் மன அதிர்ச்சியும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் உள்ள சென்னீர்குப்பத்தின் ஒரு பக்கத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கி உடல் தேறிய பழைய பூந்தமல்லிப் படைவீடும், மறுபக்கத்தில், 1965 முதல் விஜயந்தா டாங்கிகளை உருவாக்கிய தொழிற்சாலையைக் கொண்ட ஆவடியும் இருப்பதால், பட்டாளத்து வாழ்க்கை இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. பென்ஷன் பெற்று இங்கே குடியேறிய படைவீரர் ஒருவர் தூக்கமின்மை, தலைவலி, மறதி, அடக்கவொண்ணாக் கோபம் ஆகியவற்றோடு வைத்தியரிடம் சென்றால், குறை மூளையிலா மனத்திலா என்ற கேள்வி முதலில் எழும். நோயை அறியும் ஆவலைக் காட்டிலும் ராணுவ நிர்வாகத்தின் தேவையே இக்கேள்வியை இத்தனை கூர்மையாக்கியது என்பது என் துணிபு.

முதல் உலகப் போரின்போது, 1915 பிப்ரவரியில், குண்டு அருகே வெடித்தபின் நினைவும் பார்வையும் மணமும் சுவையும் குன்றிய மூன்று சிப்பாய்களைப் பற்றி, ராணுவ வைத்தியரான சார்லஸ் மையர்ஸ் 'லான்செட்' பத்திரிகையில் எழுதியபோது, 'ஷெல் ஷாக்' என்ற பெயர் வைத்திய நூல்களில் ஏறிற்று. வெடியின் அழுத்தம் மூளையின் நுண்ணிய நாளங்களைச் சிதைத்திருக்கலாம் என்று கருதிய மூளைநோய் ஆய்வாளர் பிரெடரிக் மாட், வெளிக்காயமின்றி இறந்த இரு வீரரின் மூளையை உருப்பெருக்கியில் ஆராய்ந்து 1917-இல் முடிவுகளை வெளியிட்டார். மையர்ஸோ பெரும்பாலோரிடம் மனக்கலக்கமே மூலமென்ற அபிப்பிராயத்துக்கு வந்தார். இருவரும் வாதித்துக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் ராணுவம் தன் வழியில் தீர்ப்பளித்துவிட்டது. எதிரியின் வெடியால் நேர்ந்ததென்று நிரூபணமானால் 'காயம்' என்றும், இல்லையேல் 'நோய்' என்றும் குறிக்கப்பட்டது. முன்னதற்குக் கௌரவப் பட்டியும் பென்ஷனும் உண்டு, பின்னதற்கு இரண்டும் அரிது. காயமும் நோயும் ஒரே மனிதனிடம் ஒருங்கே இருக்கக்கூடுமென்பதற்கு அந்தப் பாகுபாட்டில் இடமே இல்லை.

இந்தியச் சிப்பாயின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பிரைட்டனில் இந்திய வீரர்க்கென அமைந்த கிச்சனர் மருத்துவமனையின் தலைவரான கர்னல் புரூஸ் ஸீட்டன், போர்முனையிலிருந்து தப்புவதற்காக அவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார்கள் என்ற வதந்தியைச் சோதிக்க, 1915-இல் 1,000 காயங்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, அதற்கு ஆதாரமில்லையென்று அறிக்கை எழுத நேர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த காயத்தையே சந்தேகித்த நிர்வாகம், தெரியாத காயத்தைப் பற்றிய முறையீட்டை எவ்வாறு கேட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை.

வியத்நாம் யுத்தத்துக்குப் பின், 1980-இல், அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைத் தன் பட்டியலில் சேர்த்தது. பின்னர், மூளைச் சேதத்தையும் இம்மனநோயையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 சிப்பாய்களை ஆராய்ந்த சார்லஸ் ஹோக் குழுவினர், மண்டையதிர்ச்சியால் நினைவு தப்பியவர்களில் 43.9 சதவீதத்தினரிடம் அம்மனநோயின் லக்ஷணங்களைக் கண்டனர். வேறுவகைக் காயமுற்றோரிடம் அது 16.2 சதவீதமும் காயமே படாதோரிடம் 9.1 சதவீதமுமாக இருந்தது. அம்மனநோயையும் மனச்சோர்வு நோயையும் கணக்கிட்டுக் கழித்தபின், தலைவலி நீங்கலாக மற்ற உடற்குறைகளுக்கும் மண்டையதிர்ச்சிக்கும் இருந்த தொடர்பு மங்கிப்போயிற்று. மூளைக்கு ஊறே நேரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம்: தூக்கமின்மையும் எரிச்சலும் கவனக்குறைவும் இரு நோய்க்கும் பொதுவாதலால், ஒன்றைக் கழிக்கையில் மற்றதன் பங்கும் உடன் கழிந்துவிடுவது கணிதத்தின் இயல்பு. 2016-இல் டேனியல் பெர்ல் குழுவினர், வெடியழுத்தத்துக்கு ஆளாகி இறந்த வீரர் சிலரின் மூளையில், திசுக்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில், தழும்பு போன்ற விசேஷ மாற்றத்தைக் கண்டு வெளியிட்டனர். மாட் ஒரு நூற்றாண்டுக்கு முன் தேடியதும் இத்தகைய தடயத்தைத்தான்.

நம் நாட்டில் இவ்விவகாரம் ராணுவ மெடிக்கல் போர்டின் முன்னும் நீதிமன்றத்திலும் வளர்ந்தது. ஊனம் படைப்பணியால் விளைந்ததா, அல்லது இருந்தது அப்பணியால் மிகுந்ததா என்று கேட்ட 1982-ஆம் ஆண்டு விதிகளை விளக்கிய உச்ச நீதிமன்றம், வலிப்பு நோயால் பணி நீங்கிய சிப்பாய் ஒருவரின் வழக்கில், சேரும்போது நோய்க்குறிப்பு எழுதப்படாதிருந்தால் பின்னர் தோன்றிய நோய் பணியால் நேர்ந்ததாகவே கொள்ளத்தக்கதென்றும், அதை மறுக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையதென்றும் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. வலிப்பு மூளையைச் சேர்ந்தது. ஆனால் அத்தீர்ப்பின் நியாயம் மனநோய்க்கும் பொருந்துவதே. இங்கேதான், நான் அறிந்தவரை, சட்டம் வைத்தியத்தைக் காட்டிலும் சற்றே பெருந்தன்மை காட்டியிருக்கிறது.

நோயை விசாரிக்கும் முறைக்கு நம் வீரரிடமிருந்தே ஓர் உதாரணம் காண்போம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் பணியாற்றிய இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அங்கே கண்ணிவெடிக்கு அருகிலிருந்து உயிர் தப்பிய ஒருவரை இன்று விசாரிக்கப் புகும் ஆராய்ச்சியாளர், தலையில் காயம் பட்டதா என்று மட்டும் கேட்டால், ரத்தம் கண்டாலன்றிக் காயமென்று கருதாத அவ்வீரர் இல்லையென்றே சொல்லுவார். வெடித்தபோது எவ்வளவு தூரத்தில் நின்றார், காது அடைத்ததா, அதன்பின் முதலில் நினைவில் நிற்பது எது என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். நினைவு தப்பிய நாழிகையை உடனிருந்த தோழர்தான் சொல்லக்கூடும். நள்ளிரவில் அலறி எழுவதை மனைவிதான் சொல்லக்கூடும். இவ்விரு சாட்சியங்களையும் தனித்தனியே பதிந்தபின் நோய்க்குப் பெயர் சூட்டுவதே சரியான முறை. மெடிக்கல் போர்டில் பெரும்பாலும் பெயர்தான் முதலில் எழுதப்படுகிறது.