கேட்டதும் பார்த்ததும்

என் வயதுக்காரர்கள் சிலர், ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்ததை அன்றைக்கே பார்த்ததாகச் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் இருந்தவர்கள் பார்த்திருக்க முடியாது. அப்போது இந்தியாவில் டி.வி. இருந்தது டில்லியில் மட்டும்தான். சென்னைக்கு வந்ததே 1975 ஆகஸ்டில். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், கோப்பில் எழுதுவதென்றால் "கேட்டேன்" என்றுதான் எழுத வேண்டும்.

நான் கேட்டது புதுச்சேரியில். பிரெஞ்சுப் படிப்பை முடித்துவிட்டுச் சித்தப்பா வீட்டில் இருந்தேன். 1969 ஜூலை 21, திங்கட்கிழமை. நம் நேரப்படி பின்னிரவு 1.47க்கு ஈகிள் இறங்கியது. காலை 8.26க்கு ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தார். சித்தப்பாவின் வால்வு ரேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர். இரண்டு நாள் முன்புதான் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியிருந்தார். பாதிப் பேச்சு அதைப் பற்றி. தரையில் இறங்குவதற்குப் பிரெஞ்சில் 'அத்தெரிஸாஜ்'. நிலவில் இறங்குவதற்கென்றே 'அலுனிஸாஜ்' என்று தனிச் சொல் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிப் பார்ப்பதே எங்களுக்குப் பெருமை. தேவனாம்பட்டினம் வந்து ஆயாவிடம் அளந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ பாத்தியாடா?"

பார்க்க நிலாவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அமாவாசை கழிந்து ஒரு வாரம். அந்த நாளில் நிலா நண்பகலை ஒட்டி உதித்து நள்ளிரவை ஒட்டி மறையும். அவர்கள் இறங்கியபோது நமக்கு மறைந்துவிட்டது, நடந்தபோது இன்னும் உதிக்கவில்லை. இறங்கும் இடத்தில் அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும். சாய்ந்த வெயிலில் நிழல் நீண்டு விழுந்தால்தான் பள்ளமும் பாறையும் தெரியும் என்று கணக்குப் போட்டு நாள் குறித்திருந்தார்கள்.

2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 இறங்கியபோதும் ஏறக்குறைய அதே வளர்பிறைதான். இங்கே காரணம் வேறு. சூரியத் தகடுகளுக்கு 14 நாள் வெயில் முழுதாகக் கிடைக்க வேண்டும். வயிற்றில் புளியைக் கரைத்தது. 2019இல் நம் விக்ரம் விழுந்தது. நான்கு நாள் முன்பு ரஷ்யாவின் லூனா-25 நொறுங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளியின் மகன். விழுப்புரம் 1993 வரை எங்கள் தென்னாற்காடு மாவட்டம்தான். பிரித்தபோது அந்தப் பக்கத்துக் கோப்புகளைக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதனால் அவர் எனக்கு எங்கள் ஜில்லாப் பிள்ளை.

மாலை 5.44க்கு, நிலவிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில் இறக்கம் தொடங்கியது. டி.வி.யில் என்ன காட்டினார்கள்? ஒரு வளைகோடு, ஓடும் எண்கள், கணினியில் வரைந்த படம், மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த விஞ்ஞானிகள். "நிஜமா எப்ப காட்டுவாங்க தாத்தா?" என்றான் பேரன். அன்று நிஜப் படம் வந்தது, நமக்கு டி.வி. இல்லை. இன்று வீட்டுக்கு வீடு டி.வி., அந்த நேரத்தில் நிஜப் படம் இல்லை. கோடு வந்து சேரும் வரை நானும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 6.04. பெங்களூரில் எழுந்து கை தட்டினார்கள்.

பேரனை வாசலுக்குக் கூட்டி வந்தேன். இன்னும் இருட்டவில்லை. தெற்கே வெளுப்பாகப் பாதி நிலா. அதன் கீழோரத்தைக் காட்டி, "அங்கதான்" என்றேன்.

"ஒண்ணும் தெரியலையே" என்றான்.