இளம் ஆய்வாளர் ஃபெலோஷிப் பிறந்த கதை

கன்னிவாடியில் இருந்து பன்றிமலை, ஆடலூர் பக்கம் ஏறும் மலைச்சாலை ஊர்களிலும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். பிறந்து 6 வாரமான பிள்ளையின் வாயில் நர்சம்மா ரோட்டா சொட்டு மருந்து விடுவார். 10ஆம் வாரம் ஒருமுறை, 14ஆம் வாரம் ஒருமுறை. கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குப் பெரிய காரணமான ரோட்டா வைரஸைத் தடுக்க வந்த மருந்து இது. தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல்தான் சேர்ந்தது.

இந்தியாவே கண்டுபிடித்த ரோட்டா தடுப்பு மருந்தின் கதையோ 1985இல் தொடங்குகிறது. தில்லி எய்ம்ஸில் குழந்தை மருத்துவராக இருந்த மகாராஜ் கிஷன் பான் அப்போது நாற்பதைத் தொடாதவர். பிறந்த குழந்தைகளின் வார்டில் ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தும் சில சிசுக்களுக்கு வயிற்றுப்போக்கே வரவில்லை என்பதை அவரும் கூட்டாளிகளும் கவனித்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்தபோது கடுமையான ரோட்டா நோயும் அவர்களை அண்டவில்லை. அங்கே கிடைத்த வைரஸ் வகைக்கு 116ஈ என்று பெயர். ரோட்டா வைரஸின் மரபுப் பொருள் 11 துண்டுகளாக இருக்கும். 116ஈயில் ஒரு துண்டு மட்டும் மாட்டு வைரஸிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மனிதர் எவரும் செய்யாமல் இயற்கையே வலுக்குறைத்துக் கொடுத்த வைரஸ்.

அதைச் சீசாவில் அடைக்க முப்பது வருடம் ஆயிற்று. 1987இல் தொடங்கிய இந்திய அமெரிக்கத் தடுப்பூசித் திட்டம் ஆரம்பத்தில் தாங்கியது. பிற்பாடு நம் உயிரிதொழில்நுட்பத் துறை, கேட்ஸ் அறக்கட்டளை, பாத் என்ற சர்வதேச சுகாதார அமைப்பு என்று பல கைகள் சேர்ந்தன. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்தது. தில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த கடைசிக் கட்டச் சோதனையின் முடிவு 2013இல் வந்தது. வேலூர் சிஎம்சியில் அந்தப் பணியை நடத்தியவர் ககன்தீப் காங்; 2019இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி. முதல் வருடத்தில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை இம்மருந்து ஏறத்தாழ 56 சதவீதம் தடுத்தது. இதென்ன பாதிதானே என்று கேட்கலாம். ரோட்டாவால் நாட்டில் ஆண்டுக்கு சுமார் 78,000 குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. அந்தக் கணக்கில் பாதி சின்னதா என்ன?

இந்தக் கதையிலிருந்துதான் இன்னொரு கதை கிளைக்கிறது. பான் 2004இல் உயிரிதொழில்நுட்பத் துறையின் செயலரானார். அப்போது நம் இளம் ஆய்வாளரின் நிலை பரிதாபம். பிஎச்டி முடித்து, வெளிநாட்டில் சில வருடம் போஸ்ட்டாக் இருந்துவிட்டுத் திரும்பினால், வேலை கிடைக்கும்வரை சொந்த ஆய்வு கிடையாது. வேலை கிடைத்தாலும் ஆய்வகம் அமைக்கப் பணம் கிடையாது. எவரோ ஒரு பேராசிரியரின் புராஜெக்டில் ஒண்டிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டைபண்ட் தாமதமாவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

மறுபுறம் லண்டனில் வெல்கம் அறக்கட்டளை. மாத்திரை விற்றுப் பணக்காரரான ஹென்றி வெல்கம் 1936இல் இறந்தபோது, தன் கம்பெனியையே மருத்துவ ஆராய்ச்சிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். தமிழ்நாட்டுக்கு அந்தப் பணம் புதிதல்ல. வேலூர் சிஎம்சியில் வெல்கம் பெயரிலேயே ஓர் ஆய்வுப் பிரிவு இருந்தது. குடல் சத்தை உறிஞ்சாமல் போகும் ஸ்ப்ரூ நோயை செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அங்கேதான் ஆராய்ந்தார்கள்.

பானின் துறையும் வெல்கமும் 2008இல் கைகோத்தன. பிறந்தது, ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப் தரும் வெல்கம் டிபிடி இந்தியா அலையன்ஸ்; டிபிடி என்பது உயிரிதொழில்நுட்பத் துறையின் ஆங்கிலச் சுருக்கம். ஐந்து ஆண்டுக்கு 8 கோடி பவுண்டு, ஆளுக்குப் பாதி. தொகையைவிட என்னைக் கவர்வது ஏற்பாடு. அரசுப் பணத்தில் பாதி பங்கு இருந்தும், நிர்வாகம் தில்லி அலுவலகக் கோப்புகளுக்குள் போகவில்லை. ஹைதராபாத்தில் தனி அறக்கட்டளையாகப் பதிவானது. விண்ணப்பத்தை நாட்டுக்கு வெளியே உள்ள நிபுணர்களும் மதிப்பிட்டார்கள். நேர்காணலில் ஆய்வாளர் தானே வந்து தன் கேள்விக்காக வாதாட வேண்டும். ஆரம்பநிலை, இடைநிலை, முதுநிலை என்று படிகள் இருந்தன. ஆரம்பநிலைக்கு ஐந்து வருடம். சம்பளமும் ஆய்வுச் செலவும் ஒரே கையில். வயது வரம்பு இல்லை. வீட்டுப் பொறுப்பால் சில வருடம் ஒதுங்கியிருந்த பெண் ஆய்வாளருக்கு இந்த ஒரு விதி எவ்வளவு பெரியது என்பது விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும்.

தன் அனுபவம்தான் பானை இதற்குத் தூண்டியதா, நான் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வார்டில் கண்ட விநோதம் மருந்தாக முப்பது வருடம் ஆகும் என்று அறிந்தவர் கையெழுத்திட்ட திட்டத்தில் ஐந்து வருடம் என்ற கால அளவு இருப்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. தடுப்பூசி ஆராய்ச்சியில் மூன்று வருடம் என்பது சோதனை முறையைச் சரிசெய்வதற்குள் ஓடிவிடும். சுண்டெலியில் பலன் கண்டதா, குரங்கில் கண்டதா, மனிதரில் எதிர்ப்புப்பொருள் எவ்வளவு நாள் நின்றது என்று ஒவ்வொன்றும் காத்திருந்து பார்க்க வேண்டியது. ஆண்டுதோறும் அறிக்கை கேட்டு நச்சரித்தால், ஆய்வாளர் எளிதில் முடிகிற கேள்வியைத்தான் எடுப்பார். பான் 2020 ஜனவரியில் காலமானார்.

இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்பது 2020-21 கணக்கு. அந்தக் குறையை ஒரு ஃபெலோஷிப் ஈடுகட்டாது. தேசிய அளவிலும் இப்போது இளம் ஆய்வாளருக்குத் தனி நல்கைகள் வந்திருக்கின்றன. எனினும் ஊர்ப்பக்கத்துக் கல்லூரிகளுக்கு இந்தச் சேதி போய்ச் சேருவதே இல்லை. கன்னிவாடியிலிருந்து பஸ் பிடித்தால் எட்டும் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியலுக்கென்றே ஒரு துறை உண்டு, வி.ஆர். முத்துக்கருப்பன் வளர்த்தது. அங்கே பிஎச்டி முடிக்கும் தருவாயில் இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இந்தியா அலையன்ஸின் பெயரைச் சொல்லிவிடுங்கள். நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.