லேபில் வைரஸைத் தடுத்த மூலிகை உடம்பிலும் வேலை செய்யுமா? கீழாநெல்லியும் சீந்திலும் சொல்லும் பாடம்

"இந்தக் கஷாயம் வைரஸைக் கொல்லுதாம், லேப்லயே நிரூபிச்சுட்டாங்களாம்!" கொரோனா காலத்தில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த மாதிரி ஃபார்வர்டுகள் சுற்றின. லேபில் பலன் கிடைத்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன?

லேபில் என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை, இது அந்தச் செடிதானா என்று உறுதி செய்வது. பிறகு அதை உலர்த்திப் பொடித்து, தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்துச் சாற்றைப் பிரிக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் வளரும் செல்களில் வைரஸைச் செலுத்தி, இந்தச் சாற்றையும் சேர்க்கிறார்கள்.

இதில் இரண்டு அளவுகள் முக்கியம். வைரஸ் பெருகுவதைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டும்? செல்களில் பாதியைச் சாகடிக்க எவ்வளவு வேண்டும்? இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால்தான் அடுத்த கட்டம். பிளீச்சிங் பவுடரும் வைரஸைக் கொல்லும், ஆனால் கூடவே செல்லையும் கொன்றுவிடும்.

உடம்பில் ஏன் தோற்கிறது?

குடித்த மருந்து குடலில் உறிஞ்சப்பட வேண்டும், கல்லீரல் சிதைக்காமல் விட வேண்டும், ரத்தத்தில் போதுமான அளவு சேர வேண்டும். மூலிகை என்றில்லை, மாத்திரைக்கும் இதே கதைதான். குரங்கின் சிறுநீரகச் செல்களில் கொரோனா வைரஸைத் தடுத்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை, 2020 ஏப்ரலில் தாராவி, வொர்லி மக்களுக்குக் கொடுக்க மகாராஷ்டிர அரசு திட்டமிட்டது. அதே ஆண்டு ஜூனில், பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் மரணத்தை அது குறைக்கவில்லை என்று அறிவித்தது.

கீழாநெல்லிக்கு என்ன ஆனது?

மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிகள் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லி, உலக அளவில் சோதிக்கப்பட்ட மூலிகை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும், சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் உள்ளிட்டோரும் சேர்ந்து செய்த ஆய்வு 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. 30 நாள் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் 1990-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு உட்பட, பிறகு நடந்த பல சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு முறை வந்த முடிவு வேறு ஊரில், வேறு ஆட்களிடமும் வந்தால்தான் மருந்து. அதனால் இன்றும் ஹெபடைடிஸ் பி-க்கு டாக்டர்கள் எழுதுவது டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகளைத்தான்.

"நல்லது செய்யலைன்னாலும் கெடுதல் இல்லையே?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில், நோய் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் (கிலோய்) சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது சரியான சீந்தில்தானா என்று ஆய்வில் உறுதி செய்யவில்லை என்பது அதன் வாதம். லேபின் முதல் கேள்வியே இங்கும் வந்து நிற்கிறது. கடையில் பாக்கெட் வாங்கும் நாமும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லையே!

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த ஃபார்வர்டு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். செல்லிலா, மனிதரிலா? எத்தனை பேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா? வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?

ஊரிலிருந்து அம்மா பொடி அனுப்பினால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே கல்லீரல் பிரச்சினையோ ஆட்டோஇம்யூன் நோயோ இருந்தால், கேட்காமல் தொடவே வேண்டாம். முக்கியமாக, மூலிகையை நம்பி ஹெபடைடிஸ் பி மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். அடங்கியிருந்த வைரஸ் மறுபடி பெருகி, கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம்.