எம்பிரேயர்

பிரேசில் நாட்டின் விமானத் தயாரிப்பு நிறுவனம். சாவோ பாவுலோ மாநிலத்தின் சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் நகரில் 1969 ஆகஸ்ட் 19 அன்று அரசு நிறுவனமாகத் தோன்றியது. 1994 டிசம்பரில் தனியார் கைக்கு மாறியது. பயணிகள் விமானத் தயாரிப்பில் போயிங், ஏர்பஸ் இரண்டுக்கும் அடுத்த இடம் இதற்கு. காப்பியையும் சர்க்கரையையும் இரும்புத்தாதையும் விற்றுப் பிழைத்த நாடு, அமெரிக்காவுக்கே விமானம் விற்கும் நிலைக்கு வந்ததால், வளரும் நாடுகளின் தொழில் வரலாற்றில் இந்நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு.

கல்லூரியும் ஆய்வுக்கூடமும்

நிறுவனத்தின் வேர் 1940களில் இருக்கிறது. விமானப்படை அதிகாரி காசிமீரோ மோன்டெனெக்ரோ ஃபில்யோ அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியொன்று தம் நாட்டில் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். விமானம் கட்டுமுன் விமானம் கட்டத் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காசநோய் மருத்துவமனைகளுக்குப் பேர்போன சாவோ ஜோசே டோஸ் காம்போஸில் ஐ.டி.ஏ. என்னும் விமானவியல் கல்லூரி 1950இல் இயங்கத் தொடங்கியது. மாசசூசெட்ஸிலிருந்து வந்த பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்மித் அதன் முதல் தலைவரானார். பக்கத்திலேயே விமானப்படையின் ஆய்வு மையம் வளர்ந்தது. கல்லூரிக்கும் நிறுவனம் பிறந்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அந்தப் பொறுமையைத்தான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய முதலீடாகக் கொள்ள வேண்டும்.

அக்கல்லூரியில் படித்த ஓசிரெஸ் சில்வா தலைமையில், பிரெஞ்சு வடிவமைப்பாளர் மாக்ஸ் ஓல்ஸ்த் துணையோடு, பாண்டெய்ரான்டே என்ற சிறு விமானம் உருவாகி 1968 அக்டோபர் 22 அன்று பறந்தது. பெரிய ஜெட் விமானங்கள் வந்தபின், நீண்ட ஓடுபாதை இல்லாத உள்நாட்டு ஊர்கள் பல விமான சேவையை இழந்திருந்தன. அந்த ஊர்களுக்காக வரைந்த விமானம் இது. அதைத் தயாரிக்கத் தனியார் யாரும் முன்வராததால் அரசே நிறுவனம் தொடங்கி, சில்வாவைத் தலைவராக்கியது. செலுத்த வேண்டிய வருமான வரியில் 1 சதவீதத்தை எம்பிரேயர் பங்குகளில் போடலாம் என்று மற்ற நிறுவனங்களுக்கு அனுமதி தந்ததால் மூலதனம் திரண்டது.

எதைச் செய்வது, எதை வாங்குவது

எஞ்சினைத் தானே செய்ய எம்பிரேயர் முயலவில்லை. பாண்டெய்ரான்டேக்கு பிராட் அண்ட் விட்னி கனடாவிடமும், பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸ், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனங்களிடமும் எஞ்சின் வாங்கியது. விமானத்தை வரைவது, உறுப்புகளை ஒன்றாக இணைப்பது, சான்றிதழ் பெறுவது, விற்பது ஆகியவற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. உதிரிக்கெல்லாம் வெளிநாட்டையா நம்புவது என்ற குறை அன்றே எழுந்தது. ஆனால் முழு விமானத்தையும் சிந்திக்கத் தெரிந்தவர் கையில்தான் தொழிலின் கடிவாளம் இருக்கும்.

அதே காலத்தில் கணினித் துறையில் பிரேசில் வேறு வழியில் போனது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் சிறு கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. போட்டியில்லாத சந்தையில் விலை உயர்ந்த, காலத்தால் பின்தங்கிய இயந்திரங்களே மக்களுக்குக் கிடைத்தன. 1990களின் தொடக்கத்தில் அந்த ஒதுக்கீடு முடிவுக்கு வந்தது. எம்பிரேயரோ அயல்நாட்டு விமானப் பாதுகாப்பு அதிகாரிகளின் சோதனையில் தேறினால்தான் விற்க முடியும். இரண்டையும் ஒரே அரசுதான் தாங்கியது. வெளிச்சந்தை என்னும் தேர்வு ஒன்றுக்கு இருந்தது, மற்றதற்கு இல்லை.

சரிவும் மீட்சியும்

அர்ஜென்டினாவோடு சேர்ந்து உருவாக்கிய சி.பி.ஏ. 123 விமானம் தொழில்நுட்பத்தில் சிறந்தது; விலையோ யாராலும் எட்ட முடியாதது. 1990இல் பறந்த அது விற்பனைக்கே வரவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையிழந்தனர். தனியார்மயத்தின்போது முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமை தரும் சிறப்புப் பங்கு ஒன்றை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது.

மீட்டது 50 இருக்கை கொண்ட ஈ.ஆர்.ஜே. 145 ஜெட். 1995 ஆகஸ்டில் பறந்த இவ்விமானத்தின் உருவாக்கச் செலவை ஸ்பெயின், பெல்ஜியம், சிலி, அமெரிக்க நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டன. விற்றால் பங்கு, விற்காவிட்டால் நட்டம். கனடாவின் பாம்பார்டியருடனான போட்டி, மானியச் சண்டையாக உலக வணிக அமைப்பு வரை போனது. 2002இல் பறந்த ஈ-ஜெட் வகை விமானங்களில் ஒரு வரிசைக்கு நான்கே இருக்கைகள். நடு இருக்கைத் தொல்லை இல்லை. பயணிகள் விமானப் பிரிவில் 80 சதவீதத்தை வாங்கப் போயிங் செய்த ஒப்பந்தம் 2020 ஏப்ரலில் முறிந்தது.

இந்தியாவில்

சென்னையைத் தளமாகக் கொண்டு 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், எம்பிரேயர் 170, 175 விமானங்களைத் தென்னக வானில் ஓட்டியது. இந்திய விமானப்படையின் நேத்ரா கண்காணிப்பு விமானத்துக்கு உடல் ஈ.ஆர்.ஜே. 145, அதன் முதுகிலுள்ள ரேடார் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் ஆக்கம்.