கென்யக் காட்டுப்பன்றிக்கு யார் பெயர்?

தோழர்களே, அயல்நாட்டுக் காடுகளைப் பற்றிப் பட்டாள அதிகாரிகள் எழுதிய நாட்குறிப்புகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். படிக்க வேண்டியவைதான். ஆனால் அந்தத் துப்பாக்கி அங்கே எதற்குப் போனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ரிச்சர்ட் மைனெர்ட்சாகன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியை எடுத்துக்கொள்வோம். 1902 முதல் 1906 வரை இவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் 'கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ்' படையில் இருந்தார். அப்போதைய குறிப்புகள் 1957இல் 'கென்யா டைரி' என்ற நூலாக வந்தன. சமவெளியில் மேயும் விலங்குக் கூட்டங்கள், மலைக்காடுகள், பறவைகள் என எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்திருக்கிறார். அதே நூலில், ஒரு கிகுயு கிராமத்தில் குழந்தைகளைத் தவிர அனைவரையும் கொல்லும்படி உத்தரவிட்டதையும் அவரே எழுதியிருக்கிறார்.

அவர் அனுப்பிய மாதிரிகளை வைத்து 1904இல் ஒரு பெரிய காட்டுப்பன்றி இனத்தை லண்டன் விலங்கியலாளர் ஓல்ட்ஃபீல்டு தாமஸ் அறிவித்தார். அதன் அறிவியல் பெயர் 'ஹைலோகோரஸ் மைனெர்ட்சாகனி'. அந்தப் பன்றியைத் தலைமுறைகளாக அறிந்திருந்த காட்டு மக்களின் பெயர் எங்கும் இல்லை. உழைக்கும் மக்களின் அறிவு அடுத்தவர் பெயரில் பதிவாவது நமக்குப் புதிதா என்ன?

அடுத்த ஆண்டில் நடந்தது இன்னும் கொடியது. தங்கள் நிலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியும் ரயில்பாதையும் நுழைவதை நந்தி மக்கள் பத்தாண்டுகளாக எதிர்த்துப் போராடிவந்தார்கள். அவர்களுடைய தலைவர் கொய்தாலெல் அராப் சமோய். 1905 அக்டோபர் 19 அன்று சமாதானம் பேசச் சந்தித்த இடத்தில் மைனெர்ட்சாகன் அவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். ராணுவ விசாரணைகள் அவரைக் குற்றமற்றவர் என்றன. கொய்தாலெலின் கைக்கோல்கள் இங்கிலாந்துக்குப் போய், 2006இல்தான் கென்யாவுக்குத் திரும்பின.

சரி, இயற்கை ஆய்விலாவது நேர்மை இருந்ததா? அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கிய சுமார் 20,000 பறவைத் தோல்களில் பல திருடப்பட்டவை, பொய்யான இடமும் தேதியும் எழுதப்பட்டவை என்று 1990களில் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். நம் நாட்டுக் காட்டு ஆந்தை ஒன்றும் அதில் அடக்கம். வேறொருவர் சேகரித்த தோலைத் திருடி, 1914இல் குஜராத்தில் தானே பிடித்ததாக எழுதிவைத்திருந்தார். அந்த மோசடியைக் கண்டுபிடித்த பமேலா ராஸ்முசென் பொய் முகவரியை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான பதிவுகளை வைத்துத் தேடினார். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்த ஆந்தை 1997இல் மகாராஷ்டிராவில் உயிரோடு கிடைத்தது.

ஆகவே மாணவத் தோழர்களே, இத்தகைய நூல்களைத் தூக்கி எறிய வேண்டாம். கிகுயு கிராமத்தில் நடந்ததற்கு அவருடைய எழுத்தே சாட்சியாக நிற்கிறது. அழகான வருணனை வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த நிலம் யாருடையது? வழிகாட்டியவர் யார்? அவர் பெயர் ஏன் இல்லை? நம் ஊர் அரசிதழையும் ஆவணங்களையும் புரட்டும்போதும் இதே கேள்விகளைக் கையில் வைத்திருப்போம்.