பல் பிடுங்கிய பின் குருதிப்பெருக்கு

பல் பிடுங்கிய பின் குருதிப்பெருக்கு என்பது, பல் அகற்றப்பட்ட குழியிலிருந்து வழக்கத்துக்கு மேற்பட்ட நேரம் குருதி வடியும் நிலையாகும். முதல் நாளில் உமிழ்நீர் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பே. அழுத்திக் கடித்தும் நிற்காமல் வாய் நிறையக் குருதி ஊறுமாயின் மருத்துவ உதவி தேவை.

வகைகள்

* முதன்மைப் பெருக்கு - பல் எடுக்கும்போதே நிகழ்வது.
* எதிர்வினைப் பெருக்கு - மரத்துப்போகும் ஊசியின் குருதிக்குழாய்ச் சுருக்கும் தன்மை நீங்கியபின், சில மணி நேரத்தில் தொடங்குவது.
* இரண்டாம்நிலைப் பெருக்கு - தொற்றினால், பெரும்பாலும் ஒரு வாரமளவில் ஏற்படுவது.

காரணங்கள்

ஈறு கிழிதல், அடிக்கடி வாய் கொப்பளித்தல், துப்புதல், உறிஞ்சிக் குடித்தல், புகைத்தல் ஆகியவற்றால் குழியிலுள்ள குருதிக்கட்டி பெயர்வது பொதுவான காரணமாகும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் முதலிய மருந்துகள், கல்லீரல் நோய், டெங்குக் காய்ச்சலில் குருதிச் சிறுதட்டுக்கள் குறைதல், ஈமோஃபீலியா ஆகியனவும் காரணமாகலாம். அதுவரை அறியப்படாத மிதமான ஈமோஃபீலியா சிலருக்குப் பல் பிடுங்கும்போதே முதன்முதலாக வெளிப்படுகிறது.

முதலுதவி

நோயாளி நிமிர்ந்து அமர வேண்டும். வாயில் தொங்கும் தளர்ந்த கட்டியை அகற்றி, ஈரமாக்கிய தூய காஸ் துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, 30 நிமிடம் இடைவிடாது கடிக்க வேண்டும். இடையில் எடுத்துப் பார்த்தால் உறையும் குருதி மீண்டும் பெயரும். காஸ் இல்லையெனில் நனைத்த கறுப்புத் தேயிலைப் பையைக் கடிக்கலாம். அதிலுள்ள டானின் உறைதலுக்கு உதவும். தேயிலைத் தூள், மஞ்சள், காப்பித்தூள், மூக்குப்பொடி ஆகியவற்றைக் குழிக்குள் இடுதல் தவறு. மருத்துவரைக் கேளாமல் இதய நோய் மருந்துகளை நிறுத்துதலும் ஆபத்தானது.

மருத்துவமனைச் சிகிச்சை

குழியைத் தூய்மை செய்து தையலிடுவர். ஜெலட்டின் பஞ்சு அல்லது ஆக்சிசனேற்ற செல்லுலோசு வைப்பதுண்டு. டிரானெக்சாமிக் அமிலமும் பயன்படுகிறது. ஈமோஃபீலியா உடையவர்க்குக் குறைபாடுள்ள உறைவுக்காரணி செலுத்தப்படும்.

தொலைவிடங்களில் கவனிக்க வேண்டியவை

நீலகிரி மாவட்டத்தில், முதுமலைக் காட்டினுள் மோயாற்றங்கரையில் உள்ள தெப்பக்காடு போன்ற ஊர்களில், குருதி நிற்காதபோது கூடலூருக்கோ உதகமண்டலத்துக்கோ செல்ல நேரிடும். மசினகுடி வழியாக உதகைக்குச் செல்லும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இரவில் யானை நடமாட்டமும் உண்டு. எதிர்வினைப் பெருக்கு சில மணி நேரம் கழித்தே தொடங்குவதால், இத்தகைய ஊரினர் காலையிலேயே பல்லை எடுத்துக்கொண்டு, சிறிது நேரம் மருத்துவமனை அருகில் தங்கித் திரும்புவது பாதுகாப்பானது.

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள்செல் இயல்பு 1952 இல் அறிவிக்கப்பட்டது. அரிவாள்செல் நோய் குருதிப்பெருக்கு நோயன்று. எனினும் குருதியிழப்பும் தொற்றும் இந்நோயாளரை மிகுதியாகப் பாதிக்குமாதலால், பல் எடுக்குமுன் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

உடனடியாக 108 ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

* இருமுறை 30 நிமிடம் கடித்தும் நிற்காமை
* மயக்கம், குளிர்ந்த வியர்வை, விரைந்த நாடி
* மூச்சுவிடவோ விழுங்கவோ இடர்ப்பாடு

இவற்றையும் பார்க்க

* குருதி உறைதல்
* ஈமோஃபீலியா
* முதலுதவி